காந்தப் புயல் மேல் அயனிமண்டலத்தையும் பிளாஸ்மாமண்டலத்தையும் என்ன செய்தது? தரவிலிருந்து படிக்கும் முறை

சூரியக் காற்று மோதிப் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவதே காந்தப் புயல். பெரிய காந்தப் புயல் அடித்து ஓய்ந்ததும் பலரும் முதலில் எடுத்துப் பார்ப்பது டெக் (மொத்த எலக்ட்ரான் உள்ளடக்கம்) வரைபடத்தைத்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து தரை ரிசீவர் வரை 1 சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள தூணை நிறுத்தினால், அதற்குள் அடங்கும் எலக்ட்ரான்களின் மொத்த எண்ணிக்கைதான் டெக். 10¹⁶ எலக்ட்ரான்கள் சேர்ந்தால் ஒரு டெக் அலகு. வரைபடத்தில் சிவப்பு கூடினால் புயல் அடர்த்தியை ஏற்றிவிட்டது என்றும், நீலம் பரவினால் இறக்கிவிட்டது என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் எஃப்2 முகட்டுக்குக் (அயனிமண்டலத்தில் எலக்ட்ரான் அடர்த்தி உச்சம் தொடும் உயரம்) கீழே உள்ள பகுதி, முகட்டுக்கு மேலே உள்ள மேல் அயனிமண்டலம், அதற்கும் மேலே உள்ள பிளாஸ்மாமண்டலம் ஆகிய மூன்றும் கலந்து கிடக்கின்றன. புயல் நேரத்தில் இந்த மூன்றும் ஒரே திசையில் போவதில்லை. ஆகவே எண்ணை உயரவாரியாகவும் நேரவாரியாகவும் பிரிப்பதே இங்கே முக்கியமான வேலை. கீழே உள்ளது அதற்கான வழிமுறை. தேவையான தரவு எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

உயரங்களை மனதில் நிறுத்துங்கள்

எஃப்2 முகடு பொதுவாக 250 முதல் 400 கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்கு மேலே சில நூறு கிலோமீட்டர் வரை ஆக்சிஜன் அயனியின் ஆட்சி. மேலே போகப் போக ஆக்சிஜன் குறைந்து ஹைட்ரஜன் அயனி கூடும். இரண்டும் சமமாகும் உயரம் சூரியன் அடங்கிய ஆண்டுகளின் இரவுகளில் 500 – 600 கி.மீ. வரை இறங்கும். சூரிய உச்ச ஆண்டுகளின் பகலில் 1,000 கி.மீ.க்கும் மேலே ஏறிவிடும். அதைத் தாண்டினால் பிளாஸ்மாமண்டலம். குளிர்ந்த, பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனியால் ஆன பிளாஸ்மா அங்கே மூடிய காந்தக் கோடுகளில் சிக்கி, பூமியோடு சேர்ந்து சுழல்கிறது.

பிளாஸ்மாமண்டலத்தின் வெளி விளிம்பை 'எல்' மதிப்பால் குறிப்பார்கள். ஒரு காந்தக் கோடு காந்த நடுக்கோட்டுத் தளத்தை வெட்டும் இடம் பூமியின் மையத்திலிருந்து எத்தனை பூமி ஆரம் தள்ளி இருக்கிறதோ, அதுவே அந்தக் கோட்டின் எல். அதே கோடு தரையைத் தொடும் காந்த அட்சரேகையின் கொசைனை வர்க்கப்படுத்தினால் 1/எல் வரும். எல் 4 என்றால் 60 டிகிரி, எல் 2 என்றால் 45 டிகிரி. அமைதியான நாட்களில் விளிம்பு எல் 4-க்கும் 6-க்கும் இடையில் நிற்கும். கடும் புயலில் 2-ஐ ஒட்டி வந்துவிடும். வழக்கமாக 60 டிகிரியையும் தாண்டி நிற்கும் எல்லை, நடு அட்சரேகைகளின் தலைக்கு மேலே வந்து நிற்கிறது என்று இதற்குப் பொருள்.

முதலில் புயலின் நேரக்கோடு

டெக் தரவைத் தொடுவதற்கு முன், புயலின் கட்டங்களை உலக நேரத்தில் குறித்துவிடுங்கள். சூரியக் காற்றின் வேகம், அதனோடு வரும் காந்தப்புலத்தின் பிஇசட் கூறு (வடக்கு–தெற்குத் திசையில் உள்ளது, தெற்கென்றால் எதிர்க்குறி), சிம்-எச் குறியீடு (தரைக் காந்தப்புலம் எவ்வளவு குறைந்தது என்று காட்டுவது) ஆகிய மூன்றையும் ஒரே தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக 1 நிமிட இடைவெளியில் வரையுங்கள். பிஇசட் எப்போதும், பூமியின் காந்த அச்சைக் கணக்கில் கொள்ளும் ஜிஎஸ்எம் ஆயமுறையில் இருக்க வேண்டும். பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை அடிப்படையாகக் கொண்ட ஜிஎஸ்இ-யில் எடுத்தால் பூமியின் காந்த அச்சுச் சாய்வு கணக்கில் வராமல் போய், தெற்கு நோக்கிய புலம் தவறாகத் தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பயண நேரத்தை இரண்டு முறை சேர்ப்பது. சூரியக் காற்றை அளக்கும் செயற்கைக்கோள்கள் நிற்கும் எல்1 புள்ளி, சூரியன் பக்கமாகப் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது. விநாடிக்கு 800 கி.மீ. வேகக் காற்று அதைக் கடக்க ஏறக்குறைய 31 நிமிடம் ஆகும். எல்1 செயற்கைக்கோளின் மூலத் தரவை எடுத்தால் இந்த நேரத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பல செயற்கைக்கோள்களின் சூரியக் காற்றுத் தரவைச் சேர்த்துத் தரும் ஓம்னி தொகுப்பின் 1 நிமிடத் தரவு, பூமிக்கு முன்னால் உள்ள அதிர்ச்சி முகப்புக்கு ஏற்கெனவே நகர்த்தப்பட்டது. அதில் மறுபடியும் அரை மணி நேரம் சேர்த்தால், பின்னால் வரும் காரணப் பகுப்பாய்வு முழுவதும் சறுக்கிவிடும்.

வரைபடத்தில் திடீர்த் தொடக்கம், முதன்மைக் கட்டத்தின் ஆரம்பம், சிம்-எச் மிகக் கீழே தொட்ட நேரம், மீட்சிக் கட்டம் ஆகிய நான்கையும் குறியுங்கள். புயலின் அளவைச் சொல்ல, சிம்-எச்சைப் போன்ற டிஎஸ்டி போதும். ஹெர்மானஸ், ககியோகா, ஹொனலுலு, சான் ஹுவான் ஆகிய நான்கு நிலையங்களிலிருந்து மணிக்கொரு மதிப்பாகக் கணக்கிடப்படும் குறியீடு அது. −50-லிருந்து −100 நானோடெஸ்லா வரை மிதமான புயல், −100-க்குக் கீழே போனால் கடும் புயல், −250-க்குக் கீழே போனால் மிகக் கடும் புயல். 1989 மார்ச் புயலில் அது −589-ஐத் தொட்டது. 2003 நவம்பர் 20-இல் −422. 2024 மே 11-இல் −400-க்கும் கீழே போனது. அண்மைப் புயல்களுக்கு முதலில் வெளியாகும் மதிப்பு பின்னர் திருத்தப்படும் என்பதால், எந்தப் பதிப்பை எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

கேபி, உலகளவில் காந்தப்புலக் குலுக்கத்தை 0 முதல் 9 வரை சொல்லும் 3 மணி நேரக் குறியீடு. நிமிடக் கணக்கில் நடக்கும் மின்புல மாற்றங்களுக்கு அது உதவாது. ஆனால் பிளாஸ்மாமண்டல விளிம்பைக் கணிக்க அதுதான் வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சூரியக் காற்றின் மின்புலத்தைக் கணக்கிடுங்கள். வேகத்தை (கி.மீ./விநாடி) தெற்கு நோக்கிய பிஇசட்டால் (நானோடெஸ்லா) பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை மில்லிவோல்ட் என்று வரும். 700 கி.மீ. வேகமும் −20 நானோடெஸ்லாவும் சேர்ந்தால் 14 மில்லிவோல்ட். இந்த எண் மீண்டும் தேவைப்படும்.

ஒப்பிட அமைதி நாள்

புயல் நாளின் டெக்கைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புயலுக்கு முந்தைய 27 நாட்களின் இடைநிலை மதிப்பையோ, அந்த மாதத்தின் மிக அமைதியான ஐந்து நாட்களின் சராசரியையோ ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு அடிப்படையாக வையுங்கள். சராசரியைவிட இடைநிலை நல்லது. இடையில் வந்த சிறு புயல் அதை அதிகம் இழுக்காது.

சதவீத மாற்றத்தை மட்டும் வரைவதில் ஓர் ஆபத்து உண்டு. விடியலுக்கு முன் டெக் 5 அலகு என்றால், 3 அலகு கூடினாலே 60 சதவீதம் என்று காட்டும். நண்பகலில் 60 அலகின் மேல் 18 அலகு கூடுவது வெறும் 30 சதவீதம்தான், ஆனால் இயற்பியலில் அதுதான் பெரிய நிகழ்வு. அலகிலும் சதவீதத்திலும் இரண்டு படங்கள் வரையுங்கள். புயலே இல்லாத நாட்களிலும் டெக் 20 சதவீதம் வரை மேலும் கீழும் ஆடுவது சாதாரணம் என்பதால், அதற்குள் அடங்கும் மாற்றத்தைப் புயலின் தலையில் கட்டாதீர்கள். பெரிய சூரியச் சுடரும் பகல் பக்கத்தில் சில நிமிடங்களில் டெக்கை உயர்த்திவிடும். சுடர் பட்டியலை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

ரைனெக்ஸ் கோப்பிலிருந்து டெக்

ஐயோனெக்ஸ் என்ற கோப்பு வடிவில் வரும் உலகளாவிய டெக் வரைபடங்கள் அவசரத்துக்கு நல்லவை. அட்சரேகையில் 2.5 டிகிரி, தீர்க்கரேகையில் 5 டிகிரி, நேரத்தில் 1 அல்லது 2 மணி இடைவெளி. மதிப்புகள் பொதுவாக 0.1 டெக் அலகில் எழுதப்பட்டிருக்கும், 9999 என்றால் தரவு இல்லை என்று பொருள். ஆனால் நிலையங்கள் இல்லாத கடல் பரப்பில் தெரிவது பெரும்பாலும் மென்மையாக்கப்பட்ட ஊகம். புயலின்போது உருவாகும் குறுகிய அடர்த்தி நாக்குகளும் கூர்மையான விளிம்புகளும் இதில் மழுங்கிவிடும். ஆகவே உங்களுக்கு வேண்டிய தீர்க்கரேகையில், காந்த நடுக்கோட்டிலிருந்து நடு அட்சரேகை வரை வரிசையாக நான்கைந்து நிலையங்களின் 30 விநாடி ரைனெக்ஸ் கோப்புகளை (ரிசீவரின் மூல அளவீடுகள்) எடுத்து நீங்களே கணக்கிடுவது மேல்.

ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவெண் (மேலே சொன்ன எல்1 புள்ளியோடு தொடர்பில்லாதது) 1575.42 மெகாஹெர்ட்ஸ், எல்2 1227.60 மெகாஹெர்ட்ஸ். அயனிமண்டலம் குறைந்த அலைவெண்ணை அதிகம் தாமதப்படுத்தும். எல்1-இல் ஒரு டெக் அலகு 16 செ.மீ. தாமதத்தை உண்டாக்கும். இரண்டு அலைவெண்களின் குறியீட்டுத் தூரங்களை (சமிக்ஞையின் குறியீடு வந்துசேர்ந்த நேரத்திலிருந்து கணக்கிடும் தூரம்) கழித்தால் (எல்2-இலிருந்து எல்1) வரும் ஒவ்வொரு மீட்டருக்கும் 9.52 டெக் அலகு. இது சாய்ந்த பாதையின் டெக். இதில் இரைச்சல் அதிகம். அலைக்கட்ட அளவீட்டின் வேறுபாடு (இம்முறை எல்1-இலிருந்து எல்2, மீட்டரில்) மிக வழுவழுப்பாக இருக்கும், ஆனால் அதன் தொடக்க மதிப்பு தெரியாது. இரண்டையும் பொருத்துவதுதான் வழி: ஒரு செயற்கைக்கோளின் இடையறாத ஒரு கடப்பை எடுத்து, குறியீட்டு மதிப்புக்கும் அலைக்கட்ட மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டின் சராசரியைக் கண்டு, அதை அலைக்கட்ட மதிப்போடு சேர்த்துவிடுங்கள். சராசரி எடுக்கும்போது உயர்கோணம் அதிகமுள்ள புள்ளிகளுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். அடிவானத்தை ஒட்டிய அளவீடுகள் எதிரொளிப்பால் கெட்டவை.

புயல் நாளில் கணக்கு உடையும் இடம் இதுதான். எலக்ட்ரான் அடர்த்தி வேகமாக மாறும்போது ரிசீவரின் அலைக்கட்டப் பூட்டு அறுந்துபோய், சைக்கிள் ஸ்லிப் எனப்படும் தாவல்கள் விழும். சாதாரண நாளுக்கு வைத்த வரம்பை அப்படியே புயல் நாளிலும் போட்டால், மென்பொருள் உண்மையான டெக் சரிவையும் தாவலாக நினைத்து வெட்டிவிடும். வரம்பைத் தளர்த்தினால் உண்மையான தாவல்கள் உள்ளே வந்து, 10, 20 அலகு பொய்ப் படிக்கட்டுகள் தோன்றும். இரண்டு அலைவெண்களின் குறியீட்டையும் அலைக்கட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மெல்போர்ன்–வுப்பேனா சேர்க்கையை முதல் சோதனையாக வையுங்கள். அயனிமண்டல மாற்றம் அதில் தெரியாது என்பதால், அங்கே தாவல் தெரிந்தால் ரிசீவர் பூட்டு அறுந்தது உறுதி. மெல்போர்ன்–வுப்பேனா அமைதியாக இருக்கும்போது டெக் மட்டும் வேகமாக மாறினால், அது பெரும்பாலும் நிஜம், தொடாதீர்கள். 10 நிமிடத்துக்கும் குறைவான துண்டுகளைப் பொருத்தாமல் விட்டுவிடுவதே நல்லது. குறுகிய துண்டுக்குக் கிடைக்கும் சராசரி நம்பத் தகுந்ததாக இருக்காது.

அடுத்தது பயஸ். செயற்கைக்கோளுக்குள்ளும் ரிசீவருக்குள்ளும் இரண்டு அலைவெண்களும் ஒரே நேரத்தில் வெளியேறுவதில்லை. 1 நானோவிநாடி வித்தியாசம் 2.85 டெக் அலகு பிழை. செயற்கைக்கோள் பயஸ் கோப்புகளைப் பகுப்பாய்வு மையங்கள் வெளியிடுகின்றன. ரிசீவர் பயஸை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதை ஒருபோதும் புயல் நாளின் தரவிலிருந்து கணக்கிடாதீர்கள். அந்தக் கணக்கு, நிலையத்தைச் சுற்றி அயனிமண்டலம் சீராக இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது, புயல் அதைத்தான் முதலில் உடைக்கும். புயலுக்கு முந்தைய மூன்று நான்கு அமைதி நாட்களின் பின்னிரவுத் தரவிலிருந்து பயஸைக் கண்டு, அதையே புயல் நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் உள்ள குறியீட்டு வகையும் பயஸ் கோப்பின் வகையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சி1 அளவீட்டுக்கு பி1 பயஸைப் போட்டால் சில அலகுகள் சத்தமில்லாமல் பிசகும்.

சாய்வு டெக்கைச் செங்குத்தாக மாற்ற மெல்லிய ஓடு மாதிரி (எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே உயரத்தில் ஒரு மெல்லிய ஓட்டில் இருப்பதாகக் கொள்வது) போதும். ஓட்டின் உயரம் 450 கி.மீ. என்று வைத்தால், 30 டிகிரி உயர்கோணத்தில் வகுக்க வேண்டிய எண் 1.70, 350 கி.மீ. என்று வைத்தால் 1.75. அமைதி நாளில் இந்த வேறுபாடு பெரிதல்ல. புயலில் அடுக்கு நூறு, இருநூறு கி.மீ. மேலே தூக்கப்படும்போது தாழ்ந்த கோணங்களில் பிழை கூடும். புயல் நாட்களில் 30 டிகிரிக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்: யார் செய்தது?

இப்போது கையில் நான்கைந்து நிலையங்களின் டெக் வளைவும் புயலின் நேரக்கோடும் இருக்கின்றன. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ளூர் நேரத்தையும் காந்த அட்சரேகையையும் எழுதிக்கொள்ளுங்கள். காரணங்கள் பல, ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய தாமதம் இருக்கிறது. அடையாளம் காட்டுவது அந்தத் தாமதம்தான்.

பிஇசட் தெற்கே திரும்பிய சில நிமிடங்களுக்குள் நடுக்கோட்டுப் பகுதி அசைந்தால், அது ஊடுருவும் மின்புலம். சூரியக் காற்று மின்புலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நடுக்கோட்டு அயனிமண்டலம் வரை வந்து சேர்கிறது. பகலில் அதன் திசை கிழக்கு, பின்னிரவில் மேற்கு. முன்பு கணக்கிட்ட 14 மில்லிவோல்ட்டை எடுத்தால், அங்கே வந்து சேர்வது மீட்டருக்கு 1 மில்லிவோல்ட்டுக்குச் சற்று அதிகம். நடுக்கோட்டில் காந்தப்புலம் 25,000 நானோடெஸ்லா என்றால், ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் பிளாஸ்மாவை விநாடிக்கு 40 மீட்டர் மேலே தள்ளும். அமைதி நாளின் பகல் ஏற்றமே 20 – 30 மீட்டர்தான், ஆகவே இது அதை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. மேலே போன பிளாஸ்மா காந்தக் கோடுகளின் வழியே இரு பக்கமும் வழிந்து, நடுக்கோட்டின் இரு பக்கமும் வழக்கமாக 15 டிகிரி அருகே இருக்கும் இரண்டு டெக் முகடுகளையும் 25, 30 டிகிரிக்குத் தள்ளிவிடும். நடுக்கோட்டு நிலையத்தில் டெக் இறங்கி, அதே நேரம் 25 டிகிரி நிலையத்தில் ஏறினால், கையெழுத்து அதுதான். ஒரே ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. உறுதிப்படுத்த வேண்டுமானால், நடுக்கோட்டிலும் அதற்குச் சற்று வெளியிலும் உள்ள இரண்டு காந்தமானிகளின் கிடைப்புல வேறுபாட்டைப் பாருங்கள். பெருவில் ஜிகமார்க்கா–பியுரா இணை இதற்குப் பெயர் பெற்றது. ஊடுருவல் பகலில் வந்தால் அந்த வேறுபாடு உடனே எழும்.

சில மணி நேரம் கழித்து, அடுத்த நாள்கூட, எதிர்த்திசையில் அசைவு வந்தால் அது குழப்ப டைனமோ. துருவப் பகுதியில் மின்னோட்டங்கள் காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்று நடுக்கோட்டை நோக்கி ஓடி, அயனிமண்டலத்தில் புதிய மின்புலத்தை உண்டாக்குகிறது. பகலில் இது மேற்கு நோக்கியது, ஏற்றத்தை அடக்கும். புயலின் இரண்டாம் நாளில் முகடுகள் கரைந்து, அந்தி கழிந்து வரும் பிளாஸ்மா குமிழ்கள் வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான். டெக் மாற்ற வீதத்தின் 5 நிமிடத் திட்ட விலக்கத்தை, அதாவது ரோட்டியைக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 0.5 டெக் அலகுக்கு மேல் போனால் ஒழுங்கற்ற அமைப்புகள் இருக்கின்றன. முந்தைய மாலைகளில் வழக்கமாக எழுந்த ரோட்டி புயலின் மறுநாள் மாலை அடங்கிக் கிடந்தால், டைனமோவுக்கு இன்னொரு சாட்சி.

மூன்றாவது, காற்றின் கலவை. சூடான துருவக் காற்று விரியும்போது நைட்ரஜன் மூலக்கூறுகள் மேலே ஏறுகின்றன. எஃப் அடுக்கில் அயனிகளை உண்டாக்குவது ஆக்சிஜன் அணு, அழிவை வேகப்படுத்துவது மூலக்கூறுகள். ஆகவே ஆக்சிஜன்–நைட்ரஜன் விகிதம் இறங்கினால் அடர்த்தியும் இறங்கும். உயர் அட்சரேகையில் தொடங்கும் இந்தக் காற்றுத் திட்டு காற்றோட்டத்தோடு கீழே இறங்கி, பூமியோடு சுழன்று, ஒரு நாள் இரண்டு நாள் கூட நீடிக்கும். கோடை அரைக்கோளத்தில் அதிக தூரம் இறங்கி வரும். டைம்ட் செயற்கைக்கோளின் குவி கருவியும், புவிநிலைப் பாதையிலிருந்து அமெரிக்கக் கண்டங்களைப் பார்க்கும் கோல்ட் கருவியும் இந்த விகிதத்தைப் படமாகத் தருகின்றன. டெக் இறங்கிய இடமும் விகிதம் இறங்கிய இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் சந்தேகம் வேண்டாம்.

இவற்றுக்கு நடுவே, துருவத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கி விநாடிக்கு 400 முதல் 1,000 மீட்டர் வேகத்தில் ஓடும் பேரலைகளும் வரும். வரிசையான நிலையங்களில் ஒரே மேடு வடக்கிலிருந்து தெற்கே அல்லது தெற்கிலிருந்து வடக்கே நிமிடக் கணக்கில் தாமதித்து நகர்ந்தால் அது அலை. மின்புலம் என்றால் எல்லா நிலையங்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அசைவு தெரியும்.

முகட்டுக்கு மேலே

அயனோசோண்ட் என்ற தரை ரேடார் கீழிருந்து அலை அனுப்புவதால் எஃப்2 முகடு வரைதான் பார்க்கும். ஆனாலும் அது இல்லாமல் மேல் அயனிமண்டலத்தைப் பிரிக்க முடியாது. எஃப்2-இன் உச்ச அலைவெண்ணை மெகாஹெர்ட்ஸில் எடுத்து வர்க்கப்படுத்தி, 1.24 × 10¹⁰-ஆல் பெருக்கினால் முகட்டில் கன மீட்டருக்கு எத்தனை எலக்ட்ரான் என்று வரும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு அது 1.24 × 10¹². அதே நேரத்து டெக் 50 அலகு என்றால், டெக்கை முகட்டு அடர்த்தியால் வகுக்க 403 கி.மீ. வருகிறது. இதுதான் பலகைத் தடிமன். முகட்டு அடர்த்தி குறைந்தும் டெக் குறையாமல் இருந்தால் இந்தத் தடிமன் எகிறும்: பிளாஸ்மா அழியவில்லை, மேலே போயிருக்கிறது. டெக் வளைவை மட்டும் பார்த்து "புயலால் பாதிப்பில்லை" என்று எழுதிவிடும் இடம் இதுதான்.

தடிமன் கூடுவதற்குச் சூடும் காரணமாகலாம். ஆக்சிஜன் அயனியும் எலக்ட்ரானும் தலா 1,000 கெல்வினில் இருந்தால், அடர்த்தி ஏறக்குறைய 120 கி.மீ.க்கு ஒரு முறை 2.7-இல் ஒரு பங்காகக் குறையும். இரண்டும் 2,000 கெல்வின் ஆனால் அந்த நீளம் 240 கி.மீ. ஆகும்.

அயனோசோண்டின் பதிவான அயனோகிராமைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கடும் இறக்கப் புயலில் எஃப்2 அடர்த்தி, அதற்கு அடியில் உள்ள எஃப்1 அடுக்கின் அடர்த்தியைவிடக் கீழே போய்விடும். அப்போது தானியங்கி மென்பொருள் எஃப்1-இன் அலைவெண்ணையே எஃப்2 என்று எழுதிவிடும். புயல் நாளின் அயனோகிராம்களைக் கண்ணால் ஒரு முறை பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

முகட்டுக்கு மேலே நேரடியாக அளக்க, 2013 நவம்பர் 22-இல் ஏவப்பட்ட மூன்று ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. இரண்டு ஏறக்குறைய 460 கி.மீ. உயரத்தில் பக்கம் பக்கமாகவும், ஒன்று 510 கி.மீ.க்கு மேலும் பறக்கும்படி அமைக்கப்பட்டவை. அவற்றில் உள்ள லாங்முயர் ஆய்வுக்கோல் (பிளாஸ்மாவுக்குள் நீட்டிய மின்முனை) விநாடிக்கு 2 முறை அடர்த்தியைத் தருகிறது. அதே செயற்கைக்கோளின் தலைக்கு மேலுள்ள ஜிபிஎஸ் ஆன்டெனா மேல்நோக்கிய டெக்கையும் தருகிறது. ஆனால் புயலில் முகடே 460 கி.மீ.க்கு மேலே ஏறிவிடக்கூடும். அப்போது ஆய்வுக்கோல் காட்டுவது அடுக்கின் அடிப்பக்கம், அடர்த்தி சரிந்ததுபோல் தெரியும். அந்த நேரத்தில் மேல்நோக்கிய டெக் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2003 அக்டோபர் 30 புயலில் சாம்ப் செயற்கைக்கோள் ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்தில் பறந்தபோது, அதன் தலைக்கு மேலிருந்த டெக் நடு அட்சரேகையில் 900 சதவீதம் வரை கூடியது. கீழிருந்து மேலே போன பிளாஸ்மாவை அளவீடு இவ்வளவு தெளிவாகப் பிடித்த சந்தர்ப்பங்கள் குறைவு.

பிளாஸ்மாமண்டலம்: தரையிலிருந்து ஏன் தெரிவதில்லை

முதலில் விளிம்பு எங்கே போயிருக்க வேண்டும் என்று கணியுங்கள். 1992-இல் கார்ப்பென்டரும் ஆண்டர்சனும் தந்த எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: விளிம்பின் எல் = 5.6 − 0.46 × (முந்தைய 24 மணி நேரத்தின் அதிகபட்ச கேபி). 2015 மார்ச் 17 புயலில் கேபி 8−, அதாவது 7.67 வரை போனது. விளிம்பு 2.07 என்று வருகிறது. 2024 மேயில் கேபி 9, சூத்திரம் 1.46 என்கிறது. ஜப்பானின் அராசே செயற்கைக்கோளும் அப்போது பிளாஸ்மாமண்டலம் வெகுவாகச் சுருங்கியதைக் கண்டது. ஆனாலும் அவ்வளவு பெரிய புயலுக்கு, அளவீட்டோடு ஒத்துப் பார்க்காமல் இந்த நேர்கோட்டை நீட்டக் கூடாது. தவிர விளிம்பு வட்டமும் அல்ல. புயலின்போது உரிக்கப்படும் பிளாஸ்மா பிற்பகல்–அந்திப் பக்கத்தில் வால்போல் வெளியே நீண்டு நிற்கும். அந்த வாலுக்குள் செயற்கைக்கோள் போனால், விளிம்பு நகரவே இல்லை என்று தோன்றும்.

சூத்திரத்தைச் செயற்கைக்கோள் அளவீட்டோடு ஒத்துப் பாருங்கள். அராசேயின் அலை நிறமாலைப் படத்தில் மேல் கலப்பு ஒத்ததிர்வுக் கோடு (எலக்ட்ரான் அடர்த்தியும் காந்தப்புலமும் சேர்ந்து தீர்மானிக்கும் அலைவெண்) தெளிவாகத் தெரியும். அந்த அலைவெண்ணின் வர்க்கத்திலிருந்து எலக்ட்ரான் சுழற்சி அலைவெண்ணின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து (கிலோஹெர்ட்ஸில்), 8.98-ஆல் வகுத்து மறுபடி வர்க்கப்படுத்தினால் கன செ.மீ.க்கு எத்தனை எலக்ட்ரான் என்று வரும். சுழற்சி அலைவெண் ஒரு நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ். காந்தப்புலம் 1,070 நானோடெஸ்லா என்றால் 30 கிலோஹெர்ட்ஸ். ஒத்ததிர்வுக் கோடு 200 கிலோஹெர்ட்ஸில் நின்றால் அடர்த்தி 485. இடம் எல் 3-ஐ ஒட்டியது. அதே 1992 ஆய்வின்படி நிரம்பிய பிளாஸ்மாமண்டலத்தில் அங்கே 900-க்குச் சற்று மேலே இருக்க வேண்டும். ஆகவே அந்தக் காந்தக் குழாய் (ஒரு கட்டுக் காந்தக் கோடுகளுக்குள் அடங்கும் இடம்) பாதிதான் நிரம்பியிருக்கிறது. எல்லில் 0.5 தூரத்துக்குள் அடர்த்தி ஐந்தில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ விழும் இடத்தை விளிம்பு என்று குறியுங்கள்.

தரை டெக்கில் இந்தச் சரிவு ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நிரம்பிய நிலைக்கு அந்த ஆய்வு தரும் அடர்த்தி வளைவை எல் 2.25-இலிருந்து ஜிபிஎஸ் சுற்றும் 4.17 வரை நடுக்கோட்டின் நேர் மேலே கூட்டினால் மொத்தம் சுமார் 1 டெக் அலகுதான் வருகிறது. இவ்வளவு பெரிய பகுதி முழுவதும் உரிந்து போனாலும் செங்குத்து டெக்கில் ஓர் அலகு குறையும். ரிசீவர் பயஸின் பிழையே அதைவிட அதிகமாக இருக்கும். இரவில் தரை டெக்கில் பாதி வரை பிளாஸ்மாமண்டலத்தின் பங்கு என்று சொல்வது உண்மைதான், ஆனால் அந்தப் பங்கின் பெரும்பகுதி எல் 2-க்குள் இருக்கும் கீழ்ப் பகுதி, புயல் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே தரை டெக் இறக்கத்தைக் காட்டி "பிளாஸ்மாமண்டலம் சுருங்கியது" என்று எழுதாதீர்கள்.

பிரிக்க வேண்டுமானால் மேலே இருந்து பார்க்கும் அளவீடு தேவை. 800 கி.மீ. சுற்றில் பறக்கும் செயற்கைக்கோள்களின் மேல்நோக்கிய டெக் நல்ல தேர்வு. கடலுக்கு மேலே இன்னொரு வழி உண்டு: 1,336 கி.மீ. உயரத்தில் பறந்த, கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன் உயரமானிகள் தம் இரட்டை அலைவெண்ணால் தமக்குக் கீழே உள்ள டெக்கை மட்டும் அளந்தன. அதே இடத்து ஜிபிஎஸ் டெக்கிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது மேல் பகுதி. இரண்டுக்கும் தனித்தனி பயஸ் இருப்பதால், கழித்து வரும் எண்ணின் மதிப்பை நம்பாமல், புயலுக்கு முன்னும் பின்னும் அது எப்படி மாறியது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் பின்தொடர வேண்டும்

டிஎஸ்டி பழைய நிலைக்கு வந்ததும் பகுப்பாய்வை நிறுத்திவிடுவது பரவலான பழக்கம். அயனிமண்டலத்துக்கே அது போதாது, பிளாஸ்மாமண்டலத்துக்கு மிகவும் குறைவு. காலியான காந்தக் குழாய் கீழிருந்துதான் நிரம்ப வேண்டும். குழாயின் கொள்ளளவு எல்லின் நான்காம் அடுக்கில் கூடுவதால், எல் 2 போல இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் எல் 4 குழாய்க்கு 16 மடங்கு கொள்ளளவு உண்டு. எல் 2 ஒன்றிரண்டு நாளில் நிரம்பினால், எல் 4-க்குப் பல நாட்கள் ஆகும்.

நிரப்பும் ஹைட்ரஜன் அயனி எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். மேல் அயனிமண்டலத்தில் ஆக்சிஜன் அயனி ஒரு ஹைட்ரஜன் அணுவிடம் தன் மின்னூட்டத்தைக் கொடுக்கும்போது அது உருவாகிறது. புயலின் இறக்கக் கட்டத்தில் ஆக்சிஜன் அயனியே குறைந்து கிடந்தால், மேலே அனுப்பவும் சரக்கு இருக்காது. 2024 மேயில் இதுதான் நடந்தது: நீடித்த இறக்கம் நிரம்புதலைத் தாமதப்படுத்தி, பிளாஸ்மாமண்டலம் மீள 4 நாட்களுக்கும் மேல் ஆனது. ஆகவே புயல் முடிந்தபின் குறைந்தது ஒரு வாரத்துக்கு, ஒவ்வொரு நாளும் அராசே விளிம்பைக் கடக்கும் எல் மதிப்பையும், எல் 3-இல் அடர்த்தியையும், அதே தீர்க்கரேகையின் நடு அட்சரேகை டெக்கையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். உள்ளே வரும் கடப்பையும் வெளியே போகும் கடப்பையும் தனித்தனி வரிசையில் வையுங்கள், இரண்டின் உள்ளூர் நேரமும் வேறு. இடையில் இன்னொரு புயல் வந்து கேபி 5-ஐத் தாண்டினால் அந்த நாளோடு அட்டவணையை மூடிவிட்டு, புதிய அதிகபட்ச கேபியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.